காரைக்குடி 630001: ஒரு பின்கோடைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. பாதிக்கு மேல் உள்ளூர்தான். காரைக்குடி 630001, காரைக்குடி 630001 என்று நூறு தடவைக்கு மேல் எழுதிய பிறகு அது விலாசமாகத் தெரியவில்லை, வெறும் எண்ணாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆறு லட்சத்து முப்பதாயிரத்து ஒன்று. இது பகா எண்ணா, இல்லை எதையாவது எதனாலாவது பெருக்கினால் வருமா? அன்று ராத்திரி வளவில் எல்லோரும் படுத்த பிறகு, முகப்பில் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். அந்த நோட்டில் செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கால்குலேட்டர் வேண்டாம், ஐந்தாம் வகுப்பு வகுத்தல் தெரிந்தால் போதும். கூடவே நோட்டை வைத்துக்கொண்டு செய்து பார்த்தால்தான் இதில் உள்ள சுகம் தெரியும்.

பின்கோடு என்பது ஊருக்கு வைத்த பெயர்தானே, அதை எண்ணாக எடுத்துக் கணக்குப் போடலாமா என்று கேட்கலாம். 1972 ஆகஸ்ட் 15-இல் இந்தியத் தபால் துறை இந்த ஆறு இலக்க முறையைக் கொண்டு வந்தபோது யாரும் பகா எண்ணை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் இலக்கமான 6 தமிழ்நாட்டையும் கேரளத்தையும் காட்டும், அடுத்தடுத்த இலக்கங்கள் வட்டாரத்தைக் குறுக்கிக்கொண்டே வரும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. ஆனால் எண் என்று எழுதிவிட்டால் அதற்குள் இருப்பது இருக்கத்தான் செய்யும், எழுதியவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

முதல் படி: பக்கத்து வீட்டைப் பாருங்கள்

பெரிய எண்ணைக் கண்டதும் வகுக்கத் தொடங்காதீர்கள். முதலில் அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் எண்ணுக்கு ஒன்று முன்னால் இருப்பது 630000. அது 63-ஐப் பத்தாயிரத்தால் பெருக்கியது, ஆகவே பார்த்தவுடனேயே பிரித்துவிடலாம்: நான்கு 2, இரண்டு 3, நான்கு 5, ஒரு 7. அதன் வகுத்திகள் எத்தனை என்று கணக்கிட ஒவ்வொன்றின் எண்ணிக்கையோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 5 × 2 = 150.

இதை ஆத்தங்குடிக் கல்லை வைத்து யோசித்துப் பாருங்கள். 630000 சதுரக் கற்கள் இருந்தால், ஒரு கல்கூட மிஞ்சாமல், உடையாமல், அவற்றைச் செவ்வகத் தரையாக 75 விதமாகப் பதிக்கலாம். சரி, கொத்தனார் கையில் இன்னும் ஒரே ஒரு கல்லைக் கொடுத்தால் என்ன ஆகும்?

அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி கிடையாது. 630000-ஐ 2, 3, 5, 7 நான்கும் வகுப்பதால், அந்த நான்கில் ஒன்றுகூட 630001-ஐ வகுக்காது. ஒரு வகுத்தலும் செய்யாமல் நான்கு எண்களை அடித்துவிட்டோம்.

இரண்டாம் படி: குறுக்கு வழிகள்

எனக்கு மிகவும் பிடித்த குறுக்கு வழி 1001. ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒரு துண்டிலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள். 630 − 1 = 629. இந்த 629-ஐ 7 வகுத்தால் பெரிய எண்ணையும் 7 வகுக்கும், 11-க்கும் 13-க்கும் அப்படியே. 629-ஐ 11 வகுத்தால் மீதி 2, 13 வகுத்தால் மீதி 5. இரண்டும் போயிற்று.

அதே துண்டுகளைக் கழிக்காமல் கூட்டினால் 37-க்கான சோதனை கிடைக்கும், 999 = 27 × 37 என்பதால். 630 + 1 = 631, 37-ஆல் வகுத்தால் மீதி 2. அதுவும் இல்லை.

இந்த மாதிரி வழிகளை மனப்பாடம் செய்வதைவிட எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துக்கொள்வது நல்லது, அப்போது நீங்களே புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம். நூறுக்கோ ஆயிரத்துக்கோ அவற்றின் மடங்குகளுக்கோ ஒன்றிரண்டு தள்ளி ஒரு பெருக்கல் விழுந்தால் அங்கே ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். 6 × 17 = 102. ஆகவே 17-க்கு: கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டி எடுத்து, மிஞ்சியதை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து வெட்டியதைக் கழியுங்கள். 6300-இன் இரட்டிப்பு 12600, அதில் 1 போக 12599. மறுபடியும் அதே மாதிரி: 125-இன் இரட்டிப்பு 250, அதில் 99 போக 151. 17-ஆல் 151 வகுபடாது. ஆகவே 17-உம் இல்லை.

மூன்றாம் படி: எதுவரை போக வேண்டும்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் களைத்துப்போவீர்கள். ஒரு எண் இரண்டு எண்களின் பெருக்கல் என்றால், அவற்றில் சிறியது வர்க்கமூலத்தைத் தாண்ட முடியாது. 793 × 793 = 628849. 794 × 794 = 630436. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஆகவே 793 வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். அவை மொத்தம் 138. இது பெரிய எண்ணிக்கைதான், ஆனாலும் ஒரு ராத்திரிக்குள் அடங்கும்.

நான்காம் படி: உட்கார்ந்து வகுப்பது

இங்கே தந்திரம் எதுவும் இல்லை. வரிசையாக வகுத்து மீதியை எழுதிக்கொண்டே வாருங்கள். 19-க்கு மீதி 18, 23-க்கு 8, 29-க்கு 5, 31-க்கு 19, 41-க்கு 36, 43-க்கு 8, 47-க்கு 13, 53-க்கு 43, 59-க்கு 58, 61-க்கு 54.

மீதியை எழுதாமல் "போகவில்லை" என்று மட்டும் குறித்துக்கொண்டு நகர்கிறவர்கள் ஒரு நல்ல விஷயத்தைத் தவறவிடுவார்கள். 19-க்கு மீதி 18, 59-க்கு மீதி 58. இரண்டும் ஒன்றில் தவறுகின்றன. அப்படியென்றால் அடுத்த எண்ணான 630002-ஐ இவை இரண்டும் வகுத்தாக வேண்டும். அதுவும் காரைக்குடிப் பின்கோடுதான். பிரித்துப் பார்த்தேன்: 2 × 19 × 59 × 281. ஒரு எண்ணைத் தோண்டும்போது பக்கத்து எண்ணும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது.

முதல் நாள் ராத்திரி நான் 61-இல் நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டேன். இதுவரை எதுவும் வகுக்கவில்லை, இது பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று மனதில் முடிவே கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே அடுத்த எண்ணான 67-ஐ எடுத்தேன். 3 × 67 = 201, இருநூறுக்கு ஒன்று தள்ளி விழுகிறது, ஆகவே இதற்கும் குறுக்கு வழி உண்டு: கடைசி இரண்டு இலக்கத்தை வெட்டி, வெட்டியதை இரட்டித்து, மிஞ்சியதிலிருந்து கழிக்க வேண்டும். 6300 − 2 = 6298. மறுபடியும்: 98-இன் இரட்டிப்பு 196, அதற்கும் 62-க்கும் வித்தியாசம் 134. அது இரண்டு 67.

630001 = 67 × 9403.

இன்னும் ஒரே ஒரு வகுத்தல் போட்டிருந்தால் முந்தின ராத்திரியே கிடைத்திருக்கும். பத்தொன்பதாவது பகா எண்ணிலேயே கதவு திறந்துவிட்டது, 138 வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

ஐந்தாம் படி: கிடைத்ததையும் சோதியுங்கள்

9403 இன்னும் உடையுமா? நிறையப் பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்தக்கூடாது. இதற்கு எல்லை எங்கே என்று பார்த்தால் 97 × 97 = 9409. வெறும் ஆறு எண் வித்தியாசத்தில் 97 எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. ஆகவே 89 வரை சோதித்தால் போதும். 61 வரை உள்ளவை பெரிய எண்ணையே வகுக்காதபோது இதை எப்படி வகுக்கும்? ஆக 67, 71, 73, 79, 83, 89 என்று ஆறே ஆறு வகுத்தல்கள்தான் மிச்சம். மீதிகள் முறையே 23, 31, 59, 2, 24, 58. எதுவும் போகவில்லை. 9403 பகா எண்.

இப்போது ஆத்தங்குடிக் கல்லுக்குத் திரும்புவோம். 75 விதமாகப் பதிக்க முடிந்த தரை, ஒரே ஒரு கல் கூடியதும் இரண்டே விதமாகச் சுருங்கிவிட்டது: ஒற்றை வரிசையாக 630001, இல்லையென்றால் 67-க்கு 9403. ஒன்றைக் கூட்டுவது என்பது கூட்டலில் அற்பமான வேலை. பெருக்கலில் அது வீட்டையே இடித்துக் கட்டுவது போல. எண் கணிதத்தில் தீராத கேள்விகளில் பாதி இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்புகின்றன என்று நினைக்கிறேன், கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் நடுவே உள்ள இந்த உறவு யாருக்கும் முழுதாகப் பிடிபடவில்லை.

இப்படி இரண்டே பகா எண்களின் பெருக்கலாக வரும் எண்களை நம்பித்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் தங்கள் ரகசியக் குறியீட்டு முறையை அமைத்தார்கள். அவர்கள் சவாலாக விட்ட 129 இலக்க எண்ணை உடைக்க 1994 ஆகிவிட்டது. நம்முடையது ஆறு இலக்கம்தான், காலைக் காபிக்குள் உடைந்துவிட்டது.

ஆறாம் படி: காரணிகள் கிடைத்த பிறகு என்ன செய்வது

இரண்டு காரணிகளையும் கூட்டிப் பாதியாக்கினால் 4735, கழித்துப் பாதியாக்கினால் 4668. முதலாவதின் வர்க்கத்திலிருந்து இரண்டாவதின் வர்க்கத்தைக் கழித்துப் பாருங்கள்: 22420225 − 21790224 = 630001. எந்த ஒற்றைப்படைப் பகு எண்ணையும் இப்படி எழுதலாம். பெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் இதைத் திருப்பிப் போட்டு, வர்க்க வித்தியாசத்தைத் தேடிக் காரணியைக் கண்டுபிடிக்கும் வழியாகவே வைத்திருந்தார். இரண்டு காரணிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தால் அது அருமையான வழி. நம் எண்ணுக்கு அதில் இறங்கியிருந்தால் 794-இல் ஆரம்பித்து 4735 வரை ஒவ்வொன்றாக 3942 தடவை பார்த்திருக்க வேண்டும்.

சரி, கழித்தல் உண்டு. இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்களை எல்லாம் அப்படி எழுதலாம்: 13 என்பது 4 + 9, 29 என்பது 4 + 25. 630001-க்கும் மீதி 1 தான், ஆகவே ஆசை வரும். ஆனால் உள்ளே பாருங்கள்: 67-க்கு மீதி 3, 9403-க்கும் மீதி 3. மூன்றும் மூன்றும் பெருகி 9 ஆகி, 4-ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆக வெளியே வந்து நிற்கிறது. மீதி 3 தரும் பகா எண் ஒற்றைப்படைத் தடவை வந்தாலே அந்த எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. ஆகவே முடியாது. காரணி தெரியாமல் வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

ஏழாம் படி: இரும எண்ணாக எழுதுங்கள்

இதைச் சும்மா ஒரு பழக்கத்துக்காகத்தான் செய்தேன். இரண்டின் அடுக்குகளாகப் பிரித்தால்:

524288 + 65536 + 32768 + 4096 + 2048 + 1024 + 128 + 64 + 32 + 16 + 1

இதை 0, 1 மட்டும் வைத்து எழுதினால் 10011001110011110001. இடைவெளி விட்டு எழுதுங்கள்:

1 00 11 00 111 00 1111 000 1

ஒரு ஒன்று, இரண்டு ஒன்று, மூன்று ஒன்று, நான்கு ஒன்று, நடுநடுவே இரண்டிரண்டு பூஜ்யம். படிக்கட்டு மாதிரி ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் மூன்று பூஜ்யம் தாண்டி ஒரு ஒன்று தனியாக நிற்கிறது. இதற்குப் பின்னால் ஆழமான காரணம் எதுவும் கிடையாது, தற்செயல்தான். ஆனாலும் தபால் பெட்டிக்குள் இப்படி ஒரு கோலம் கிடப்பதைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து போய் அப்பத்தாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "கடைசிப் புள்ளிய மட்டும் ஏண்டா தள்ளி வச்சிருக்க?" என்று கேட்டார்.

எட்டாம் படி: இன்னும் இரண்டு எண் தள்ளிப் போங்கள்

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இந்தப் படிக்காகத்தான். 630003 என்பது அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கும் அழகப்பாபுரத்தின் பின்கோடு. மேலே சொன்ன அதே படிகளைப் போடுங்கள். இலக்கங்களைக் கூட்டினால் 12, ஆகவே 3 வகுக்கும். மும்மூன்றாக வெட்டிக் கழித்தால் 627, அது 57 × 11, ஆகவே 11 வகுக்கும். 17-க்கான சோதனையில் 12597, அடுத்த சுற்றில் 153, அது ஒன்பது 17. வகுத்துக்கொண்டே வந்தால்:

630003 = 3 × 11 × 17 × 1123

முதல் மூன்றையும் பெருக்குங்கள். 561. அதை இரட்டித்தால் 1122. அடுத்த எண் 1123, அதுதான் நான்காவது காரணி! இப்படிப் பொருந்தினால் என்ன அர்த்தம் தெரியுமா? 1 முதல் 1122 வரை எல்லா எண்களையும் கூட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலும் கடைசியும் சேர்ந்து 1123, இரண்டாவதும் கடைசிக்கு முந்தியதும் சேர்ந்து 1123. இப்படி 561 ஜோடி. ஆகவே கூட்டுத்தொகை 561 × 1123 = 630003. முக்கோண எண்.

கோலம் போடுகிறவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: 1122 புள்ளி, இடுக்குப் புள்ளி, 1 வரை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு புள்ளி குறைந்து குறைந்து உச்சியில் ஒன்று வரும்போது, வைத்த புள்ளிகளின் எண்ணிக்கை சரியாக அழகப்பாபுரத்துப் பின்கோடு. அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்தாலும் அடிவரிசை தொண்ணூற்று மூன்று அடிக்கு மேல் போகும், ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் நம் ஊர் வீடுகளில்தான் அதற்கு இடம் இருக்கும். பத்து லட்சத்துக்குக் கீழே முக்கோண எண்கள் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்தான், ஆறு இலக்கப் பின்கோடு ஒன்று அப்படி அமைவது சாதாரணம் இல்லை.

அதைவிட அந்த 561-தான் எனக்குப் பெரிது. பெர்மா 1640-இல் ஒரு விதி எழுதினார்: ஒரு பகா எண்ணை எடுத்து, எந்த எண்ணையும் அத்தனை தடவை தன்னோடு பெருக்கி, அதிலிருந்து அந்த எண்ணையே கழித்தால், வருவதைப் பகா எண் மீதியின்றி வகுக்கும். 7-ஐ எடுங்கள்: 2-இன் ஏழாம் அடுக்கு 128, 2 போக 126, அது 7 × 18. 6 பகா எண் இல்லை: 64 − 2 = 62, வகுபடவில்லை. அப்படியானால் எந்த எண்ணை அடுக்கினாலும் இந்தச் சோதனையில் தேறும் எண்ணைப் பகா எண் என்று சொல்லிவிடலாமா? முடியாது. பகு எண்ணாக இருந்துகொண்டே எல்லாச் சோதனையிலும் தேறிவிடும் எண்கள் உண்டு. அவற்றை எப்படி அடையாளம் காண்பது என்று 1899-இல் கோர்செல்ட் சொன்னார்: எந்தப் பகாக் காரணியும் இரண்டு தடவை வரக்கூடாது, ஒவ்வொரு காரணியிலும் ஒன்றைக் கழித்தால் வருவது, எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவதை வகுக்க வேண்டும். உதாரணத்தை 1910-இல் கார்மைக்கேல் கொடுத்தார். அப்படிப்பட்ட எண்களில் மிகச் சிறியது 561. நீங்களே சரிபாருங்கள்: 560-ஐ 2 வகுக்கும், 10 வகுக்கும், 16 வகுக்கும். இந்த எண்கள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபிக்க 1994 வரை ஆனது.

இரண்டாவது 1105. மூன்றாவது எது என்று பார்த்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். 1729. ராமானுஜன் ஹார்டியிடம் சொன்ன அதே 1729. இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்றுதான் நமக்கெல்லாம் தெரியும். அது 7 × 13 × 19 கூட. 1728-ஐ 6, 12, 18 மூன்றும் வகுக்கின்றன.

கோட்டையூரில் 1909-இல் பிறந்த அழகப்பச் செட்டியார் காரைக்குடிக்குக் கல்லூரிகள் கொடுத்தார், மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்தார், இதெல்லாம் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். 1950-களின் தொடக்கத்தில் சென்னையில் ராமானுஜன் பெயரில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தைத் தன் பணத்தில் நிறுவி, டி. விஜயராகவன் என்ற பெரிய கணித மேதையை அதன் முதல் இயக்குநராக வைத்தார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1957-இல் அழகப்பர் மறைந்த பிறகு அந்த நிறுவனம் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ராமானுஜன் பெயரைத் தாங்க ஓர் இடம் கட்டியவரின் பெயரைத் தாங்கும் ஊர்ப்பகுதியின் எண்ணுக்குள், 1729-இன் மூத்த உறவு உட்கார்ந்திருக்கிறது. தற்செயல் என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருக்கிறது.

இன்னொன்று. நம் மாவட்டத் தலைநகர் சிவகங்கையின் பின்கோடு 630561, கடைசி மூன்று இலக்கத்தைக் கவனியுங்கள்.

அடுத்து எதை எடுப்பது?

உங்கள் ஊர் எண்ணை எடுங்கள். நான் இப்போது கையில் எடுத்திருப்பது கானாடுகாத்தானின் 630103. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஊர் அது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டுதான் எஸ். எஸ். பிள்ளை எண்களை அடுக்குகளின் கூட்டலாக எழுதும் வாரிங் கணக்கில் உலகமே திரும்பிப் பார்க்கும் வேலையைச் செய்தார். எல்லை அதே 793 தான். இலக்கக் கூட்டல் 13, ஆகவே 3 இல்லை. மும்மூன்றாக வெட்டிக் கழித்தால் 527: ஆகவே 7, 11, 13 மூன்றும் இல்லை. 17 முதல் 103 வரை ஒவ்வொன்றாக வகுத்து மீதிகளை எழுதிவிட்டேன், எதுவும் போகவில்லை. 79-க்கு மட்டும் மீதி 78. அடுத்த எண் 107.